பழைய துணி கேட்டு வந்தவள்

"போட்ட புள்ள நல்லா இருக்குதாக்கா?"

பழைய துணி எதைக் கொடுத்தாலும் அவள் முதலில் கேட்பது இதைத்தான். கிழிசலா, சாயம் போயிருக்கிறதா, அளவு சரியாக இருக்குமா, எதையும் பார்க்க மாட்டாள். முன்னால் அதைப் போட்டிருந்த குழந்தை நோய் நொடி இல்லாமல் இருக்கிறதா என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும். "நல்லா இருக்குதுடி, தோ தெருவுல ஆடிகினு இருக்குது பாரு" என்று என் மகளைக் காட்டுவேன். எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் முந்தானையை விரித்து இரண்டு கையாலும் ஏந்துவாள். பிச்சையாக வாங்கினால்தான் பலிக்குமாம்.

இரண்டாவதாக ஒன்று சொல்வாள். "தொவைக்காம குடுக்கா. அந்தப் புள்ளயோட வேர்வ அதுல இருக்கணும்." அழுக்குத் துணியை ஒருத்திக்குக் கொடுக்க யாருக்குத்தான் கை வரும்? எனக்கு மானம் போகும். அவளோ காலரை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவாள். "உனக்கு இன்னாடி பைத்தியமா" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சிரிப்பாளே தவிர, விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அரியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்தால் எங்கள் தெரு. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர்கள் வாடகைக்கு வந்தார்கள். அவள் திருபுவனையில் ஒரு மாத்திரை கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்தாள். கம்பெனி வேனில் போய் வருவாள். வேலை முடிந்து வந்து வெகுநேரம் வரைக்கும் நெற்றியில் தலையுறையின் கோடு சிவப்பாகத் தெரியும். புருஷனுக்கு வெளியூர்க் கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை, வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. நான் மதகடிப்பட்டில் ஒரு ரெடிமேட் கடையில் குழந்தைத் துணிப் பக்கம் நிற்கிறவள். தினமும் புதுத் துணியை மடித்து மடித்து விரல் தேய்ந்தவள் வீட்டுக்கு, பழைய துணி கேட்டு அவள் வந்து நிற்பாள்.

அவளுக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. முதல் பெண் பதினோரு மாதத்தில் போனது. இரண்டாவது பிறக்கும்போதே இல்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது பாகூரிலிருந்து அவள் அம்மா வந்து ஒரு நேர்ச்சை செய்துவிட்டுப் போனாள். பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்த வேண்டும். வேறொருத்தி அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அவளிடமிருந்து ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். குப்பம்மா என்று பேர் வைக்க வேண்டும். ஐந்து வயது முடியும்வரை புதுத்துணி உடம்பில் படக்கூடாது, ஊரார் பிள்ளைகள் போட்டுக் கழித்ததைத்தான் பிச்சை வாங்கிப் போட வேண்டும். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துத் தாண்டிப் போய்விடுவான் என்பது கணக்கு. ஐந்து முடிந்ததும் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுப் புதுத்துணி உடுத்திவிட்டால் அப்புறம் பயமில்லை. எங்கள் பக்கத்தில் குப்பனும் பிச்சையுமாக வயதானவர்கள் இத்தனை பேர் இருப்பது இப்படித்தான்.

மூன்றாவதும் பெண், சொன்னபடியே எல்லாம் செய்தார்கள். அங்கன்வாடிப் பதிவில் அந்தக் குழந்தைக்கு வாயில் நுழையாத நாகரிகமான ஒரு பேர் இருந்தது. தெருவில் அவள் குப்புதான்.

துணியில் ஆசை இல்லாதவள் என்று அவளை நினைத்துவிடக் கூடாது. முதல் குழந்தைக்குப் பன்னிரண்டு கவுன் வைத்திருந்தாள். அதில் ஏழு அவளே தைத்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாற்றி, தெருமுனை வரைக்கும் தூக்கிப் போய்க் காட்டிவிட்டு வருவாளாம். குழந்தை போனதும் மாமியார் வீட்டில் ஒருத்தி விடாமல் சொன்னார்கள்: "ஜோடிச்சி ஜோடிச்சிக் காட்டின இல்ல, கண்ணு பட்டுடுச்சி." அந்தப் பன்னிரண்டும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. எனக்கு ஒருமுறை திறந்து காட்டினாள். கழுத்தில் வைத்த பூ ஒன்றுகூடக் கசங்கவில்லை. போன பிள்ளையின் துணி என்பதால் குப்புவுக்கு அதையும் போடக்கூடாது. பெட்டியை மூடும்போது, "கண்ணாலயே கொன்னுட்டேன்க்கா" என்றாள். டீ குடிக்கிறியா என்று கேட்டேன்.

இனி என் கடைக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடிகைகள் தங்கள் குழந்தைக்கு எதை மாட்டிவிடுகிறார்களோ அதுதான் எங்கள் கடையில் சரக்காக வந்து இறங்கும். போனை நீட்டிக்கொண்டு வருவார்கள்: "அக்கா, இந்த மாதிரி இருக்குதா?" தாய்க்கும் மகளுக்கும் ஒரே துணியில் உடுப்பு வந்தது. தலையைவிடப் பெரிய ரிப்பன் வந்தது. கத்திரி வெயிலில் இரண்டு வயதுப் பையனுக்குக் கோட்டு வந்தது. அந்தக் குழந்தை ட்ரையல் அறையிலேயே வேர்த்து ஊற்றி அழுததை நான் பார்த்தேன். பெற்றவள் விசிறிக்கொண்டே போட்டோ எடுத்தாள். எரிச்சல் வரும். சிரித்துக்கொண்டே பில் போட அனுப்புவேன்.

ஒரே ஒரு நடிகை மட்டும் எதிர்த்திசையில் போனாள். அவள் குழந்தைக்குக் குப்புவின் வயதுதான் இருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் தொளதொள என்று ஒரு சட்டை, முட்டியில் கிழிந்த கால்சட்டை, ஒட்டுப் போட்ட கவுன். எந்தப் படத்திலும் குழந்தையின் முகம் தெரியாது. முகத்தின் மேல் ஒரு பூவை ஒட்டித்தான் போடுவாள். "வந்துட்டாங்கடி எளிமைல" என்று நாங்கள் கடையில் கேலி செய்வோம். அந்தச் சட்டையின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

குப்புவின் அம்மா அந்த நடிகை போட்ட படத்தை முதலில் பார்த்தது என் போனில்தான். வெகுநேரம் பார்த்தாள். பெரிதாக்கிக் கிழிசலைப் பார்த்தாள், ஒட்டைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். பிறகு அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாவம்க்கா. இவங்களுக்கும் எத்தன புள்ள தங்கலயோ."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடிப்பாவி, அது பேஷன்டி. வேணும்னே கிழிச்சி விக்கறான்."

"காசு இருக்கறவங்க எதுக்குக்கா கிழிஞ்சத வாங்கிப் போடணும்? மொகத்த எதுக்கு மறைக்கணும்? கண்ணு படக்கூடாதுன்னுதான. யாருகிட்டயோ கேட்டு வாங்கித்தான் போட்டிருக்காங்க. வெளிய சொல்லிக்க மாட்டாங்க, அவ்ளோதான்."

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் கடையில் நின்றும், காசு இருக்கிறவர்கள் கிழிந்ததை ஏன் வாங்குகிறார்கள் என்பது எனக்கே விளங்கவில்லை.

அன்று முதல் அந்த நடிகை அவளுக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள். தன்னைப் போலவே ஒருத்தி, அவ்வளவு பெரிய வீட்டில் இருந்துகொண்டு, பயந்து பயந்து நாளை எண்ணுகிறாள். அந்த நினைப்பில் அவளுக்கு எப்படி ஒரு தெம்பு வந்தது! ஒரு படத்தின் கீழே கருத்துகூட எழுதினாள். எழுதிவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்: "கவலப்படாதீங்க மேடம். அஞ்சு வயசு வரைக்கும்தான். நல்லா இருக்கும் உங்க புள்ள." அதற்குக் கீழே யார் யாரோ சிரிக்கிற பொம்மையாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். "பாருக்கா, எத்தன பேருக்கு சந்தோசம்" என்றாள். அதையும் நான் திருத்தவில்லை.

முகத்தில் பூ ஒட்டுகிற வேலையையும் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டாள். குப்புவை எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் பூ. எடுத்த கையோடு ஒட்டிச் சேமித்துவிட்டு, பூ இல்லாததை அழித்துவிடுவாள். புருஷன் வேலை செய்யும் இடத்திலிருந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் அவனுக்கும் பூ ஒட்டிய படம்தான். "மொகத்த வந்து நேர்ல பாத்துக்கோ" என்பாள். பஸ்ஸில் போனால் குழந்தையின் முகத்தைத் தன் தோள் பக்கம் திருப்பிக்கொள்வாள். அழகாக இருக்கிறதே என்று யாராவது சொல்லிவிட்டால், "குப்பமேட்டுல கெடந்ததுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் அதன் முகத்தை மூடுவாள்.

குப்புவுக்குத் துணி என்றாலே யாராவது ஒருவர். எதை எடுத்து மாட்டினாலும் அண்ணாந்து அம்மாவைக் கேட்பாள்: "இது யாரு?" அம்மா சொல்வாள்: "இது தேவி அக்கா." "இது பாபு அண்ணன்." அதை வைத்துத்தான் குழந்தை பேசும். தேவி அக்கா ஈரமாயிடுச்சி, பாபு அண்ணன் பட்டன் போயிடுச்சி. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒருநாள் என் கடைக்கு வந்தபோது ஜிகினா வைத்த ஒரு கவுனைத் தொட்டு, "இது யாரு?" என்றாள். "யாரும் இல்ல" என்று அம்மா அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். யாரும் இல்லாத துணி எப்படி இருக்கும் என்று அந்தக் குழந்தைக்குப் புரியவே இல்லை. கடையை விட்டுப் போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

தெருப் பிள்ளைகள் அதைக் குப்பை வண்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. அதற்காக அவளை அடித்தேன், இன்றைக்கும் அந்தக் கைச்சூடு நினைவிருக்கிறது.

குப்புவுக்கு ஐந்து வயது நெருங்கிய வருஷம், வில்லியனூர் தேருக்குப் போக, கொஞ்சம் நன்றாக ஏதாவது இருக்கிறதா என்று அவள் அம்மா கேட்டு வந்தாள். என் மகளின் சின்ன வயசுத் துணி எல்லாம் தீர்ந்து, இருந்ததும் கரித்துணியாகிவிட்டது. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த வாரம்தான் கடையில் அந்த நடிகையின் குழந்தை போட்டிருந்த கவுன் மாதிரியே சரக்கு வந்திருந்தது. வெளுத்த நீலம், பார்த்தாலே பத்து வருஷம் துவைத்த மாதிரி, இடுப்பில் ஒட்டுகூடப் போட்டே தைத்திருந்தார்கள். பழசு மாதிரியே இருக்கிறதே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து தனக்கென்று ஒரு துணி போட்டதில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நேர்ச்சை, எமன், கண், எதிலும் எனக்கு நம்பிக்கையும் இல்லை. வாங்கி வந்து, விலைச் சீட்டையும் லேபிளையும் வெட்டி, இரண்டு முறை சோப்புத் தூளில் ஊறவைத்து, மாடியில் காயப் போட்டு, கசக்கி மடித்துக் கொடுத்தேன்.

காலரை முகர்ந்தாள். "சோப்பு வாசன அடிக்குதேக்கா."

"பண்ருட்டில எங்க அக்கா வூட்டுது. தொவச்சித்தான் குடுத்தாங்க."

"போட்ட புள்ள நல்லா இருக்குதாக்கா?"

"ஜம்முனு இருக்குது. மூணாவது படிக்கிது."

எனக்குப் பண்ருட்டியில் அக்காவே கிடையாது. இல்லாத ஒரு பெண்ணுக்கு நல்ல உடம்பையும் படிப்பையும் கொடுத்து அவள் முந்தானையில் போட்டேன். போட்டோவில் பார்த்த கவுன் மாதிரியே இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்து ஏதோ புண்ணியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

தேர் முடிந்து மூன்று வாரம். கோடை மழை கொட்டித் தெருவில் தண்ணீர் தேங்கி நின்றது. ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது, என் மகளுக்கும் வந்தது. எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். குப்பு எழவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் கொண்டுவந்துவிட்டார்கள். ஐந்து வயது ஆக இன்னும் நான்கு மாதம் இருந்தது.

அவள் அழுததைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டாள்: "நீங்க குடுத்தது போட்ட துணிதானே? புதுசு எதும் இல்லியே?" எல்லோரும் பதறிப் போய்ச் சத்தியம் செய்தார்கள். தேவி வீடு, பாபு வீடு, எதிர்வரிசை, பின் தெரு எல்லா வீட்டுக்கும் போனாள். என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் கடையிலிருந்து வரும்போது அவள் என் வாசலில் நின்றிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வருவேன். நின்றிருக்க மாட்டாள். அப்போது இன்னும் பயமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னால் தாங்க முடியாமல் நானே போனேன். அந்தத் தகரப் பெட்டி திறந்திருந்தது. பன்னிரண்டு கவுனுக்கு மேல் அந்த நீலக் கவுன் மடித்து வைத்திருந்தது.

"அது புதுசுடி," என்றேன். "பண்ருட்டி எல்லாம் பொய். கடைல வாங்கினது."

"தெரியும்க்கா."

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"தேர் அன்னிக்கி மாட்டிவுடும்போது கழுத்துல குத்துதுன்னு அழுதுச்சி. பாத்தா, டேக் மாட்டற பிளாஸ்டிக் நூலு, தையலுக்குள்ள ஒட்டிகினு இருந்துச்சி. புதுசுன்னு தெரிஞ்சிடுச்சி. கழட்டியிருக்கணும். கழட்டல. அந்த நூல மட்டும் பல்லால கடிச்சி எடுத்துட்டேன்." கவுனின் காலரை விரலால் தடவினாள். "இது யாருன்னு கேட்டுச்சிக்கா. இது குப்புன்னு சொன்னேன்."

கவுனின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"எப்டி சிரிச்சிது தெரியுமா? நான் குப்பு, இதுவும் குப்புன்னு வூடெல்லாம் ஓடுச்சி. ஆச தாங்கல. ஒரு போட்டோ எடுத்தேன். பூ ஒட்டல."

"கொசுடி," என்றேன். "கொசு கடிச்சி வந்த காய்ச்சல். கவுனால இல்ல."

"கொசு எல்லாப் புள்ளயயும்தான் கடிச்சிது."

என் மகள் அப்போது வெளியே கட்டம் தாண்டிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. ஓடிப் போய் அவள் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது.

"அப்ப எதுக்குடி வூடு வூடா போயி கேட்ட?"

"வேற யாராவது புதுசு குடுத்திருந்தா எம்மேல பழி கொஞ்சம் கொறையுமேன்னு பாத்தேன்." பிறகு சொன்னாள்: "நீ ஆசையாத்தான குடுத்த. உன்ன எப்டிக்கா கேக்கறது?"

நான் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டு, என் கண் முன்னாலேயே தன் போனிலிருந்து அழித்தாள். "எங்கிட்ட இருந்தா பாத்துகினே செத்துடுவேன். மொகம் தெரியற படம் இது ஒண்ணுதான். அழிச்சிடாத, வச்சிக்க. ஆனா நானே வந்து கேட்டாலும் காட்டாத. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. கடைக்கே வந்துவிட்டாள். கம்பெனி கோட்டுகூடக் கழற்றவில்லை, வேனில் ஏறாமல் பஸ் பிடித்து நேரே வந்திருக்கிறாள். நெற்றியில் அந்தச் சிவப்புக் கோடு.

"ஒரே ஒரு தரம் காட்டுக்கா. மேல் பல்லுல ஒண்ணு ஓரத்துல ஒடஞ்சிருக்கும். அது எந்தப் பக்கம்னு மறந்துபோச்சி. பாத்துட்டு குடுத்துடறேன்."

அவள் வாங்கிய சத்தியம் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒருமுறை அவள் வேண்டுதலைப் பொய்யாக்கியது போதும், இதையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தேன். தலையை ஆட்டி முடியாது என்றேன். அவள் கெஞ்சவில்லை. மேலே தொங்கிய கவுன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு புருஷன் வேலை செய்யும் ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவளுடைய பழைய எண் இப்போது இல்லை.

போன மாதம் அந்த நடிகை முதல்முறையாகக் குழந்தையின் முகத்தைக் காட்டினாள். ஐந்தாவது பிறந்தநாளாம். மொட்டை அடித்த தலையில் சந்தனம், அரக்குப் பட்டுப் பாவாடை, பூ இல்லாத முகம். கடையில் இப்போது எல்லோரும் அந்தப் பாவாடையைத்தான் கேட்கிறார்கள். எந்த ஊரில் இருந்தாலும் குப்புவின் அம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாள். பொறாமைப்பட்டிருக்க மாட்டாள், எனக்கு அவளைத் தெரியும். "அவங்க வேண்டுதல் முடிஞ்சிட்டுதுக்கா" என்று யாரிடமாவது சொல்லி நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள்.

போனை மாற்றிவிட்டேன். அந்தப் படமும் கூடவே வருகிறது. நேற்றுத்தான் திறந்து பார்த்தேன். வெளுத்த நீலக் கவுனில் நின்றுகொண்டு, வாய் கொள்ளாமல் குப்பு சிரிக்கிறாள். உடைந்த பல் இடது பக்கம். அன்றைக்கு அவள் கேட்டபோது காட்டியிருக்க வேண்டும்.